சட்டமன்ற வாய்தா

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை, மில்ஃபோர்க் ஊரில் யார் வேண்டுமானாலும் தங்கள் சட்டமன்ற உறுப்பினரைத் திட்டலாம். அதற்கென்றே, பன் போல மெத்தென்ற பிஸ்கட் சுட்டு விற்கும் டாட்டியின் கடையில் கடைசி மேஜை ஒதுக்கப்பட்டிருந்தது. ஆர்லீன் காஸ்டோ எப்போதும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவாள். உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்த்ததுமே, வந்திருப்பது சாலைப் பள்ளமா, நின்றுபோன உதவித்தொகையா, பக்கத்து வீட்டு நாயா என்று அவளால் சொல்லிவிட முடியும். பதினான்கு வருடப் பழக்கம். ஏழு தேர்தல்கள். ஏழிலும் வெற்றி.

ஆனால் அந்த ஜனவரி சனிக்கிழமை ஹோபர்ட் கீனி உள்ளே வந்தபோது அவளுக்கு முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டு கைகளிலும் இரண்டு காலி தண்ணீர்க் கேன்கள். அவற்றைக் கதவோரம் வைத்துவிட்டு, தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, அவளுடைய மேஜைக்கு முந்தின மேஜையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"டாட்டி, காபி. அப்புறம் ரெண்டு பிஸ்கட், வெள்ளைக் குழம்பு ஊத்தி."

"தண்ணி பிடிக்கப் போறீங்களா?" என்றாள் டாட்டி.

"ஆமா. தீயணைப்பு நிலையத்துல. எங்க வீட்டுக் கிணத்துலதான் சேறு வருதே, மூணு வருஷமா. அது ஏன் வருதுன்னு நான் சொல்லமாட்டேன். என் வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான், மெம்பரம்மா காதுல விழற மாதிரி கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு. நான் உன்கிட்டதான் பேசறேன்."

கடையே சிரித்தது. ஆர்லீன் சிரிக்கவில்லை. ஹோபர்ட் கீனி கல் குவாரிக் கம்பெனிமேல் வழக்குப் போட்டிருந்தார். குவாரியில் வெடி வைத்த அதிர்ச்சியில் அவருடைய நூற்றெண்பதடிக் கிணறு பாழாகிவிட்டது என்பது வழக்கு. கம்பெனியின் வக்கீல்களில் ஒருத்தி ஆர்லீன். வழக்கின் எதிர்த்தரப்புக்காரரோடு அவருடைய வக்கீல் இல்லாமல் வழக்கைப் பற்றிப் பேசினால் அவளுடைய வக்கீல் சன்னதுக்கே ஆபத்து.

"ஹோபர்ட், இப்படிப் பேசினா நான் எழுந்து போயிடுவேன்" என்றாள் அவர் முதுகைப் பார்த்து.

"நீ ஏம்மா போகணும்? இது உன் மேஜை. நாங்க ஓட்டுப் போட்டு வாங்கிக் கொடுத்த மேஜை." அவர் திரும்பி உட்கார்ந்தார். "சரி, கேஸை விட்டுடறேன். என் சட்டமன்ற உறுப்பினர்கிட்ட ஒரு சட்டத்தைப் பத்திச் சந்தேகம் கேக்கலாமில்ல? பொதுவா?"

"பொதுவா கேக்கலாம்."

"ஒரு வக்கீல் சட்டமன்றத்துலயும் உறுப்பினரா இருந்தா, அவை கூடற காலத்துல கோர்ட் அவங்க கேஸைத் தள்ளி வைக்கணும்னு ஒரு சட்டம் இருக்காம். அது எதுக்கு?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. நம்பிச் சொல்லக்கூடிய பதில். "அது இல்லேன்னா என்னை மாதிரி ஆளுங்க சட்டமன்றத்துக்கே போகமுடியாது, ஹோபர்ட். வருஷத்துக்கு அறுபது நாள் தலைநகர்ல இருக்கணும். அந்த நேரத்துல இங்கே என்னை வக்கீலா வெச்சவங்களோட கேஸ் வந்தா நான் எங்கே நிப்பேன்? பணக்காரங்க மட்டும் சட்டம் போடற ஊரா ஆயிடக் கூடாதுன்னுதான் அந்தச் சட்டம்."

"நல்ல சட்டம்" என்று தலையாட்டினார் ஹோபர்ட். "உங்கப்பா கண்ணாடித் தொழிற்சாலையில உலைக்கு முன்னாடி நின்னு வெந்தவரு. அவர் பொண்ணு சட்டம் போடறதுன்னா எனக்கும் பெருமைதான். உன் பேரைப் போட்ட பலகையை ஏழு தடவை என் வேலியில கட்டியிருக்கேன். சரி, இன்னொரு கேள்வி. இதுவும் பொதுவாத்தான். ஒரு கம்பெனிக்கு ஏற்கனவே அஞ்சு வக்கீல் இருக்கான். ஆறாவதா எதுக்கு ஒரு மெம்பரைத் தேடி வந்து சேத்துக்கறான்?"

டாட்டி கரண்டியோடு அப்படியே நின்றாள். 

ஆர்லீன் வாயைத் திறந்தாள்.  அவளுடைய பொதுவாழ்வில் அந்த மேஜையில் பதில் இல்லாமல் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அவசரமில்ல" என்றார் ஹோபர்ட், பிஸ்கட்டைக் குழம்பில் அழுத்தியபடி. "எனக்கு எழுபத்தெட்டுதான் ஆகுது."

*

மூன்று வருடங்களுக்கு முன் தலைநகரின் மிகப் பெரிய வக்கீல் நிறுவனத்திலிருந்து, குவாரி வழக்கில் சேரும்படி கடிதம் வந்த நாளை ஆர்லீன் மறக்கவே இல்லை. அதுவரை அவள் செய்ததெல்லாம் உயில், பத்திரம், விவாகரத்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகள். பகலில் நீதிமன்றத்தில் குமாஸ்தா வேலை பார்த்து, மாலை வகுப்பில் சட்டம் படித்தவள். பழைய செருப்புக் கடையை வாடகைக்கு எடுத்து அலுவலகம் வைத்தவள். சட்டமன்றத்தில் அவள் பெயரில் மூன்று சட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, தீயணைக்கப் போனதால் வேலைக்குத் தாமதமாக வரும் ஊர்த் தொண்டர்களை முதலாளி வேலையை விட்டு நீக்கக்கூடாது என்பது. அதற்கு அவள் ஐந்து வருடம் மல்லுக்கட்டியிருந்தாள். ஆனால் வக்கீலாக அவளைப் பெரிய இடத்தில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. 'தங்கள் வழக்காடும் திறமையைக் கேள்விப்பட்டு' என்று அந்தக் கடிதம் தொடங்கியது. அன்றைக்கு இரவு அவள் கொண்டாட்டமாக, தனியாக ஒரு முழு ஆப்பிள் பை பலகாரத்தைச் சாப்பிட்டாள்.

கடையிலிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனாள். வெல்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஜனவரி வந்தால் அவளுக்கு இதுதான் வேலை. ஆர்லீனின் கையிலிருக்கும் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வாய்தாக் கடிதம். அதன் கீழே ஒரு பிரமாணம். இந்த வருடம் முப்பத்தொரு கடிதங்கள், மேஜைமேல் வரிசையாக.

"கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் காபி குடி" என்றாள் வெல்மா. அவள் ஆர்லீனின் சித்தி மகள். பதினெட்டு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே அதட்டுபவள்.

"கீனி வழக்கோட காகிதக் கட்டை எடு."

"எதுக்கு? அதுலதான் ஒண்ணுமே இல்லையே."

"எடு, சொல்றேன்."

வெல்மா எடுத்து வந்தாள். அதைக் கட்டு என்று சொல்ல முடியாது. அட்டைக்குள் நான்கு தாள்கள். ஒன்று, நியமனக் கடிதம். மற்ற மூன்றும் வாய்தாக் கடிதங்களின் நகல்கள். முதல் தடவை விசாரணைத் தேதி பிப்ரவரியில் விழுந்தது, அவை கூடியிருந்தது. இரண்டாம் தடவை சிறப்புக் கூட்டம். மூன்றாம் தடவை மறுபடி பிப்ரவரி. மூன்று வருடத்தில் ஒரு சாட்சியின் பெயரோ, கிணற்றின் வரைபடமோ, குவாரியின் வெடி நாட்குறிப்போ யாரும் அவளுக்கு அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை. நாளைக்கு அனுப்புவார்கள், விசாரணை நெருங்கும்போது அனுப்புவார்கள் என்று இருந்துவிட்டாள். பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலையே போடாமல் போனதை, மூன்று வருடம் கழித்துத்தான் பார்த்தாள்.

"என்னை எதுக்கு வெச்சிருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

வெல்மா கண்ணாடியைத் துடைத்தாள். "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டுச் சுவர்ல மாட்டினே பாரு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஆர்லீன் கீனி வழக்குக்கான இந்த வருட வாய்தாக் கடிதத்தை எடுத்தாள். விசாரணை பிப்ரவரி பதினொன்று. பிரமாணத்தில் மூன்று வரிகள்தான். நான் சட்டமன்ற உறுப்பினர். இந்த வழக்கில் என் பங்கு இன்றியமையாதது. இந்த வாய்தா காலம் கடத்தும் நோக்கத்துடன் கேட்கப்படவில்லை. நூறு தடவைக்குமேல் அவள் கையெழுத்திட்ட வரிகள். நாக்குக்குப் பழகிப்போன ஜெபத்தைப்போல அவை அவள் கண்ணில் படுவதே இல்லை. இன்றைக்குப் பட்டன.

முப்பது கடிதங்களில் கையெழுத்திட்டாள். முப்பத்தொன்றாவதை அட்டைக்குள் வைத்து மூடினாள்.

*

திங்கட்கிழமை அவள் நிறுவனத்துக்கு ஃபோன் செய்து, பதினொன்றாம் தேதி விசாரணைக்குத் தான் தயாராக வேண்டும், வழக்கின் காகிதங்கள் எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்றாள். காகிதங்கள் வரவில்லை. நிறுவனத்தின் வக்கீல் பிரெஸ்டன் வைலி வந்தார்.

மலைச்சாலையில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். நல்ல கம்பளிக் கோட்டு, நல்ல சிரிப்பு. வெல்மா கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி அதைத் தொடவில்லை.

"ஆர்லீன், ஏதோ குழப்பம்னு நினைக்கிறேன். வாய்தாக் கடிதம் இன்னும் கோர்ட்டுக்குப் போகலியாமே."

"போகாது. பதினொன்னாம் தேதி வாதாடலாம். அவைக்கு நான் நாலு நாள் விடுப்பு சொல்லிக்கறேன். எந்தச் சாட்சி என் பொறுப்பு?"

"சாட்சியா?"

"என் வழக்காடும் திறமையைக் கேள்விப்பட்டுத்தானே கூப்பிட்டீங்க." சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த கடிதத்தை அவள் காட்டினாள்.

வைலி கடிதத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் நிஜமான சங்கடம் தெரிந்தது. அதற்காக ஆர்லீன் பிற்பாடு அவரை முழுதாக வெறுக்க முடியாமல் போயிற்று.

"நீங்க சட்டம் தெரிஞ்சவங்க. ஒளிச்சு மறைச்சுப் பேசவேண்டாம். நீங்க அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்ல. எங்களுக்கு உங்க கையெழுத்து போதும். வருஷத்துக்கு ஒண்ணு. இதைவிட லேசான வேலை உலகத்துல உண்டா?"

"அந்தக் கையெழுத்துக்கு மேல மூணு வரி இருக்கு, வைலி. நான் இன்றியமையாதவள்னு ஒண்ணு. காலம் கடத்தறதுக்கு இல்லைன்னு ஒண்ணு. நான் சத்தியம் பண்றேன்."

"எல்லாரும் பண்றாங்க."

"நானும் பண்ணியிருக்கேன். மூணு தடவை. படிக்காம பண்ணினேன். இப்ப படிச்சுட்டேன்."

"நீங்க எங்க கட்சிக்காரருக்கு வக்கீல். அவர் நலனுக்கு விரோதமா நடக்கக் கூடாது."

"விரோதமா நடக்கல. அவருக்காக வாதாடறேங்கறேன். நல்லா வாதாடுவேன். கீனியோட கிணறு ஏற்கனவே பழுதுன்னு நிரூபிக்க வழி இருந்தா, நிரூபிப்பேன். பொய்ச் சத்தியம் மட்டும் பண்ணமாட்டேன்."

வைலி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "உங்களை நீக்கிட்டோம்னு நாளைக்கு எழுத்துல வரும். உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கோபத்துல இல்ல. அந்த அவையில உங்களைத் தவிர இன்னும் பதினாறு வக்கீல் இருக்காங்க. ஒரு கதவு சாத்தினா அடுத்த கதவைத் தட்டுவோம். கிழவரோட வழக்கு பிப்ரவரியில நடக்கப் போறதில்ல. நீங்க இழக்கறது மட்டும்தான் மிச்சம்."

அவர் போனபின் வெல்மா அந்தக் காபிக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தாள். "பாதிக்கு மேல அப்படியே இருக்கு. என் காபியைக் குடிக்காதவன் உருப்பட்டதா சரித்திரமில்ல."

"இந்த விஷயத்துல அவர் சொல்றது நிஜம், வெல்மா. நான் மறுத்ததுல ஹோபர்ட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வராது."

வெல்மா நாற்காலிமேல் ஏறி, சுவரிலிருந்து அந்தக் கடிதத்தைக் கழற்றினாள். சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது.

*

அவை கூடியது. தலைநகரில், கனாவா ஆற்றங்கரையில் தங்கக் கூரையின் கீழ் நூறு மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று. ஆர்லீனுக்கு முதல் நாள் காலடியில் பட்ட அந்தக் குளிர்ந்த சலவைக்கல் தரை இன்னும் பிடிக்கும். அதன்மேல் நடக்கும்போது, உலைக்கு முன் நின்ற ஒருவரின் மகளுடைய குதிகால் சத்தம் இவ்வளவு உயரமான கூரையில் எதிரொலிக்கிறதே என்று ஒவ்வொரு வருடமும் ஒரு தடவையாவது தோன்றும்.

அவள் பக்கத்து மேஜை டெல்மர் சம்மர்ஸுடையது. அரசியலில் மறு கட்சி. அவளைப்போலவே சிற்றூர் வக்கீல். பத்து வருடமாக அடுத்தடுத்து உட்கார்ந்து, எதிரெதிராக வாக்களித்து, இறைச்சி வைத்துச் சுட்ட ஒரே பெப்பரோனி ரோலைப் பாதியாகப் பிட்டுத் தின்று வந்தவர்கள். ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் காலை அவர் புதுக் கழுத்துப்பட்டையோடு வந்தார்.

"என்ன டெல்மர், கல்யாணமா?"

"கிண்டல் பண்ணாதே. யார் என்னைக் கூப்பிட்டிருக்காங்க தெரியுமா?" அவர் குனிந்து, காதோரம் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். "முப்பது வருஷமா உயில் எழுதி எழுதிக் கை தேஞ்சுபோச்சு. இப்பத்தான் ஒருத்தன் கேக்கறான், 'உங்க வழக்காடும் திறமை'ன்னு. பெரிய வழக்காம். ஏதோ குவாரி. என் சம்சாரம் நேத்து கேக்கே பண்ணிட்டா."

ஆர்லீன் கையிலிருந்த காகிதங்களை மேஜைமேல் வைத்தாள்.

"எப்ப விசாரணை?"

"பிப்ரவரியிலதான். ஆனா அவை நடக்குதே, அதனால வாய்தாக் கடிதம் போட்டுட்டு அப்புறம் நிதானமாப் பேசலாம்னாங்க. பிரமாணம் வந்திருக்கு. இந்த வாரம் கையெழுத்துப் போடணும்." அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "ஏன் உன் முகம் இப்படி ஆச்சு? பொறாமையா?"

"ஆமா" என்றாள் அவள். வேறு எதுவும் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. முன்னாள் கட்சிக்காரரின் ரகசியத்தை நண்பனிடம்கூடச் சொல்லக்கூடாது. வைலி சொன்னதில் ஒரு வார்த்தையை அவள் வெளியில் விட்டாலும் பதினெட்டு வருடத் தொழில் போய்விடும். அவள் வாயைக் கட்டிவைத்திருந்த கயிறு அவளே நம்பி ஏற்றுக்கொண்ட கயிறு. அதை அவள் அறுக்கமாட்டாள்.

இரண்டு நாள் அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை. விடுதி அறையில் ஹோபர்ட்டின் இரண்டு கேன்களும் கதவோரம் இருப்பதைப்போலவே இருந்தது. கம்பெனியின் ரகசியத்தைச் சொல்லக்கூடாது. சரி. டெல்மரின் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. சரி. அப்படியானால் அவளுக்கென்று மிச்சமிருப்பது எது? யோசித்துப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது அவளுடைய சொந்த வெட்கம். அதற்கு வேறு யாரும் கட்சிக்காரர் இல்லை.

*

அவையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய மசோதாக்கள் முடிந்ததும், எந்த உறுப்பினரும் எழுந்து தன் சொந்த விஷயமாகச் சில நிமிடம் பேசலாம். பெரும்பாலும் இறந்தவர்களுக்கு இரங்கல், ஜெயித்த பள்ளிக் கூடைப்பந்து அணிக்குப் பாராட்டு. அந்த நேரத்தில் பாதிப்பேர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

"ஹார்லோ கவுண்டியின் உறுப்பினர் எதற்காக எழுந்திருக்கிறார்?" என்றார் சபாநாயகர், ஆர்லீனைப் பார்த்து.

"சொந்த விஷயமாப் பேச அனுமதி வேணும், சபாநாயகர் அவர்களே."

"பேசலாம்."

"நான் பதினெட்டு வருஷமா வக்கீல். பதினாலு வருஷமா இந்த அவையில உறுப்பினர். ரெண்டுலயும் எனக்குப் பெருமை உண்டு. இங்கே இருக்கற வக்கீல்களுக்கு ஒரு சலுகை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அவை கூடியிருக்கறப்போ கோர்ட் நம்ம வழக்கைத் தள்ளி வைக்கும். நல்ல சலுகை. அது இல்லைன்னா நான் இங்கே வந்திருக்கவே முடியாது."

காகிதச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தச் சலுகைக்கு நாம ஒரு பிரமாணம் எழுதித் தரணும். இந்த வழக்குக்கு நான் இன்றியமையாதவள்; காலம் கடத்தறதுக்காகக் கேக்கலன்னு. நான் நூத்துக்கும் மேல கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுல மூணு பொய். எந்த வழக்குன்னு சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது. அந்த வழக்குல நான் ஒரு காகிதம் படிக்கல. ஒரு சாட்சியைப் பாக்கல. எனக்கு அங்கே வேலையே இல்லை. என்னைக் கூப்பிட்டது என் வாதத்துக்காகன்னு நினைச்சுப் பெருமைப்பட்டேன். என்னைக் கூப்பிட்டது இந்த மேஜைக்காக."

காகிதச் சத்தம் நின்றுவிட்டது.

"இந்த மேஜை என்னோடது இல்ல. எங்க ஊர்க்காரங்க ஏழு தடவை எனக்கு இரவல் கொடுத்தது. அதை நான் இன்னொருத்தர்கிட்ட வாடகைக்கு விட்டேன். தெரியாம விட்டேன்னு சொல்லலாம். ஆனா படிக்காம கையெழுத்துப் போடற வக்கீலை நாம எல்லாருமே என்ன சொல்லுவோம்னு உங்களுக்குத் தெரியும்."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"நான் பொய்ச் சத்தியம் கொடுத்த நீதிமன்றத்துக்கு நேத்தே எழுதிட்டேன். வக்கீல் சங்கத்துக்கும் எழுதிட்டேன். அவங்க என்ன தண்டனை கொடுத்தாலும் ஏத்துக்குவேன். இங்கே இருக்கற மத்த பதினாறு பேருக்கு நான் புத்தி சொல்ல வரல. ஒரே ஒரு கேள்வி மட்டும். உங்களை யாராவது உங்க திறமைக்காகத் தேடி வந்தா, ரொம்ப சந்தோஷம். அந்த வழக்கோட காகிதத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. அவ்வளவுதான், சபாநாயகர் அவர்களே."

அவள் உட்கார்ந்தாள். யாரும் கை தட்டவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு வக்கீல் உறுப்பினர் எழுந்து வெளியே போனார். போகிற வழியில், "வீட்டுக் குப்பையை நடுக் கூடத்துல கொட்டறதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்று அவள் காதில் விழும்படி சொன்னார். அது பாராட்டா வசவா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

டெல்மர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை சட்டைப் பையின்மேல் இருந்தது.

"நீ சொன்னது எந்த வழக்கு?" என்றார் திரும்பாமல்.

"சொல்லமுடியாது, டெல்மர்."

"ம். சொல்லாதே." அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார். "முப்பது வருஷத்துல எனக்கு வந்த ஒரே பெரிய வழக்கு."

"தெரியும்."

"நான் ஜூரி முன்னாடி நல்லாப் பேசுவேன். நீ கேட்டதில்ல."

"பத்து வருஷமா பக்கத்துல உக்காந்து கேக்கறேனே. நீ பேசினா எதிர்த்து ஓட்டுப் போடறதுக்கே எனக்குக் கஷ்டமா இருக்கும்."

டெல்மர் எழுந்து வெளியே போனார். தாழ்வாரத்தில் ஃபோன் பேசும் அவர் முதுகு கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. முதலில் நேராக இருந்தது. பேசப் பேசக் கொஞ்சம் வளைந்தது. பிறகு மறுபடி நிமிர்ந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் புதுக் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

"காகிதம் கேட்டேன். சாட்சிப் பட்டியல் கேட்டேன். நானே வாதாடறேன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப மரியாதையாச் சொன்னாங்க, இனிமே நான் தேவைப்படமாட்டேன்னு." அவர் சட்டைப் பையிலிருந்து பிரமாணத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "கேக்கை மட்டும் தின்னு முடிச்சாச்சு. அதை என்ன பண்றது?"

அதற்குப்பின் அந்த நிறுவனம் இன்னும் இரண்டு பேரைத் தட்டிப் பார்த்ததாகத் தாழ்வாரத்தில் பேச்சு. ஒருவர், வழக்கின் முழுக் காகிதக் கட்டையும் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். இன்னொருவர் ஃபோனையே எடுக்கவில்லையாம். ஆர்லீன் யாரையும் விசாரிக்கவில்லை. வக்கீல் சங்கத்திலிருந்து அவளுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. எழுத்துபூர்வமான கண்டனம், பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும். வெல்மா ஃபோனில் கேட்டாள், "இதுக்கும் சட்டம் போட்டு அந்த இடத்துல மாட்டட்டுமா?" ஆர்லீன் ஒரு கணம் யோசித்துவிட்டு, "மாட்டு" என்றாள்.

*

பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை அவையில் தேனீ வளர்ப்போருக்கான மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. பெட்டிகளைச் சாலையிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்கவேண்டும் என்பதில் இரண்டு உறுப்பினர்கள் ஒரு மணி நேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்லீனின் காதில் எதுவும் ஏறவில்லை. ஒன்பது மணிக்கு நீதிபதி உள்ளே வந்திருப்பார். புதிதாக வேறொரு வாய்தா மனு வந்திருக்கலாம். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம். பெரிய நிறுவனத்துக்குக் கதவுகளா இல்லை? வெல்மா அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள். நடப்பதை ஊரில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம், அதற்குத் தடையில்லை.

பத்து மணி. பத்தரை. சபாநாயகர் வாக்கெடுப்பைத் தொடங்கினார். மேலே பலகையில் இருந்த நூறு பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையும் சிவப்புமாக எரியத் தொடங்கின. அப்போதுதான் மேஜைமேல் இருந்த ஃபோன் அதிர்ந்தது.

'ஜூரி உக்காந்தாச்சு. பன்னிரண்டு பேர். உன் பெரிய மனுஷன் வைலி எழுந்து வாய்தா கேட்டார், நீதிபதி போதும் உக்காருங்கன்னுட்டார். ஹோபர்ட் கோட்டு போட்டுட்டு வந்திருக்கார். கோட்டுல அவரைப் பாக்கச் சகிக்கல.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். ஹோபர்ட் ஜெயிப்பாரா என்று அவளுக்குத் தெரியாது. கம்பெனியின் ஐந்து வக்கீல்களும் கெட்டிக்காரர்கள். கிணறு எதனால் கலங்கியது என்பதைப் பன்னிரண்டு பேர்தான் சொல்லவேண்டும். ஆனால் அவர் சொல்வதை அந்தப் பன்னிரண்டு பேரும் கேட்கப்போகிறார்கள். இன்றைக்கே. அவர் உயிரோடு இருக்கும்போதே. பதினான்கு வருடத்தில் அவள் போட்ட மூன்று சட்டங்களும் கொடுக்காத ஒரு பெருமிதம், போடாத ஒரு கையெழுத்தினால் அவள் நெஞ்சில் ஏறி நின்றது. கழுத்து தானாக நிமிர்ந்தது.

"யாரு?" என்றார் டெல்மர்.

அவள் ஃபோனை அவர் பக்கம் திருப்பினாள். டெல்மர் படித்தார். பிறகு, தாமே அந்த ஜூரி முன்னால் எழுந்து நிற்கப்போகிறவரைப்போல, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தொண்ணூற்றொன்பது பெயர்கள் எரிகின்றன" என்றார் சபாநாயகர், பலகையை அண்ணாந்து பார்த்து. "ஹார்லோ கவுண்டியின் உறுப்பினர் பதினான்கு வருடத்தில் ஒரு வாக்கையும் தவறவிட்டதில்லை. இன்று தேனீக்களுக்குப் பயந்து ஓடிவிட்டாரா?"

அவை சிரித்தது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

ஆர்லீன் எழுந்து நின்றாள். அதற்கு அவசியமே இல்லை. உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தியிருக்கலாம்.

"இல்லை, சபாநாயகர் அவர்களே. இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லி, பச்சையை அழுத்தினாள்.